மீளாய்வுக் குழு குடித்த தண்ணீர்

போன மாதம் பர்ஹானா போன் எடுத்தாள். பிரதேச செயலகத்தின் திட்டமிடல் பிரிவில் நான் விட்டுவந்த கதிரையில் இப்போது இருக்கிற பிள்ளை அவள். உலகத்துக்கெல்லாம் பொதுவான அபிவிருத்தி இலக்குகள் இருக்கின்றனவே, அவற்றின் முன்னேற்றத்தைப் பார்க்க மறுபடியும் ஒரு குழு வருகிறதாம். அதையொட்டிக் கந்தோரில் ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு வெற்றிக்கதை எழுதித் தர வேண்டுமாம். "பொசிட்டிவா எழுதுங்க சேர், படம் ஒண்டும் அனுப்புங்க," என்றாள். சரி என்றேன். ஓய்வூதியக்காரனிடம் யாரும் எதையும் கேட்பதே அபூர்வம். கேட்டால் மறுக்கவா மனம் வரும்?

படம் என்னிடம் இருக்கிறது. கதையும் இருக்கிறது. பொசிட்டிவா இல்லையா என்பதை வாசித்து முடித்த பிறகு நீங்களே சொல்லுங்கள்.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பார் என் வாப்பா. நான் அரசாங்கத்தில்தான் மேய்த்தேன், ஆனால் கோழியை அல்ல, முன்னேற்றத்தை அளக்கும் குறிகாட்டிகளை. கல்முனையில் ஒரு ரியூட்டரியில் ஆங்கிலம் படிப்பித்துக் கொண்டிருந்தவன் நான். கடல் வந்து ஊரை வழித்துக்கொண்டு போன பிறகு, தினமும் ஒரு வெள்ளை வாகனத்தில் யாராவது வெளிநாட்டவர் வந்து இறங்கினார்கள். அவர்கள் கேட்பதை எங்கள் சனத்துக்கும் சனம் சொல்வதை அவர்களுக்கும் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. அப்படித்தான் உள்ளே போனேன். பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று நியமனம் வந்தது.

பயிற்சிக் காலத்தை விரித்து எழுத ஒன்றுமில்லை. எல்லாம் மலைநாட்டு ஹோட்டல்களில் நடந்தது. வறட்சி பற்றி நுவரெலியாக் குளிரில் போர்வை போர்த்துக்கொண்டு படித்தேன். பசியை ஒழிப்பது பற்றிய பயிலரங்கில்தான் என் வாழ்நாளில் அதிகமாகச் சாப்பிட்டேன். நிறம் நிறமான தாள்களில் ஏழைகளின் தேவைகளை எழுதிச் சுவரில் ஒட்டுவோம். மாலையில் ஹோட்டல்காரன் அவற்றைக் கிழித்துக் குப்பையில் போடுவான்.

முதலில் எட்டு இலக்குகள் இருந்தன. எட்டும் முடியவில்லை என்று தெரிந்ததும் பதினேழு ஆக்கினார்கள். எட்டாம் வாய்ப்பாடு வராத பிள்ளையை எழுப்பிப் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னது போலிருந்தது எனக்கு. ஆனால் பதினேழு நிறத்தில் ஒரு சக்கரத்தைச் சட்டையில் குத்திக்கொள்ளத் தந்தார்கள். அது வடிவாகத்தான் இருந்தது.

சர்வதேச ஒத்துழைப்பு என்றால் என்னவென்று என்னிடம் வேலை பழகிய காலத்தில் பர்ஹானா ஒருநாள் கேட்டாள். நான் சொன்னேன்: தருகிறவர் தந்தேன் என்று எழுதுவார். வாங்குகிறவர் செய்தேன் என்று எழுதுவார். இருவரும் ஒன்றாக வந்து பார்த்துவிட்டு மகிழ்ச்சி என்று எழுதுவார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி. அவள் அதைக் குறித்துக்கொள்ளப் போனாள், வேண்டாம் என்றேன்.

இனி என் மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், பணிப்பாளர் என்றே வைத்துக்கொள்வோம். அவர் வாயிலிருந்து முடியாது, 'ஏலா' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. 'பாப்பம்' என்பார். அவர் 'பாப்பம்' என்று சொன்ன எதையும் பிறகு யாரும் பார்த்ததில்லை. வெளியில் எங்கு போனாலும் வீட்டிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் கொண்டு வருவார். குடிக்கும் முன் போத்தலின் வாயைக் கைலேஞ்சியால் சுற்றித் துடைப்பார். குடித்த பிறகும் துடைப்பார். வயிறு தாங்காத ஆள் என்று அவரே சொல்லிக்கொள்வார். உண்மையில், எங்கள் பிரதேசத்தின் தண்ணீரைப் பற்றி எங்கள் எல்லோரையும் விட அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது.

மீளாய்வு என்றால் ஓர் அட்டவணை. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு நிறம். எட்டியாயிற்று என்றால் பச்சை. போய்க்கொண்டிருக்கிறது என்றால் மஞ்சள். இல்லை என்றால் சிவப்பு. நான் சிவப்புப் போட்டுக் கொண்டுபோனால் பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தாளைத் தள்ளி வைத்துப் பார்ப்பார். சிவப்புக்கு விளக்கம் கேட்பார்கள், மஞ்சளுக்கு உற்சாகம் தருவார்கள், பச்சைக்கு ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்பது அவருடைய அனுபவம். ஆகவே கிராமத்தில் சிவப்பாகப் புறப்பட்டது எங்கள் கந்தோரில் மஞ்சளாகி, கொழும்புக்குப் போய்ச் சேரும்போது பச்சையாகிவிடும். மாங்காய் பழுப்பதை அப்படியே திருப்பிப் போட்டால் எங்கள் நிர்வாகம்.

மருதடித் திட்டத்தின் கதை இந்த மாங்காய்க் கணக்கில் நடந்ததுதான். ஊர்ப் பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். கடற்கரையில் வீடிழந்த சனத்தைக் கொண்டுபோய், சம்மாந்துறைப் பக்கம் வயலை நிரப்பிக் கட்டிய வீடுகளில் குடிவைத்தார்கள். வீடுகளைக் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர்தான் சரியில்லை. கிணறு தோண்டினால் உப்புக் கரிக்கும். வாளியில் அள்ளி வைத்தால் சற்று நேரத்தில் மேலே துருப்போலக் கறள் படியும். அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றினால் மை போலக் கறுக்கும். நல்ல தண்ணீர்க் குழாய் பெரிய ரோட்டுப் பள்ளியடியோடு நின்றுவிட்டது. மருதடிப் பெண்கள் அங்கே போய்க் கேனில் பிடித்து, சைக்கிளில் கட்டி, கிறவல் ரோட்டில் தள்ளிக்கொண்டு வர வேண்டும். குழாயின் அடுத்த கட்டம் மருதடிக்கா வேறு ஊருக்கா என்பது மீளாய்வு அறிக்கையைப் பார்த்துத் தீர்மானிக்கப்படும் என்று சொல்லியிருந்தார்கள்.

அங்கே நஸீமா ராத்தா இருந்தார். அக்காவை நாங்கள் ராத்தா என்போம். கணவரைக் கடல் கொண்டுபோயிற்று. மிஞ்சியது றிஸ்னா என்ற ஒரே மகள். அந்தப் பிள்ளைக்குச் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருந்தது. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்கவே கூடாது, நல்ல தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ராத்தா மகளுக்கென்று ஒரு கேனைத் தனியாக வைத்திருந்தார். அதற்கு ஒரு வெள்ளைத் துணி போட்டுக் கட்டியிருப்பார். தான் குடிப்பது கிணற்றுத் தண்ணீரை.

முதல் மீளாய்வுக் குழு வந்தது. அதன் தலைவர் ஒரு வெளிநாட்டவர், உயரமான, மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். அவரிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை, ஒரே ஒரு குறைதான். அவர் முன்பு ஏதோ ஓர் அரபு நாட்டில் வேலை செய்தவர். அதனால் 'அல்ஹம்துலில்லாஹ்' என்ற சொல் அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தது போதும் என்றும் நினைத்துவிட்டார்.

எங்கள் ஊர்களில் எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு வீட்டுக்குப் போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் அல்ஹம்துலில்லாஹ் என்பார்கள். கால் முறிந்து கட்டுப் போட்டிருந்தாலும் அதுதான். இறைவனைப் புகழாமல் முறையிடத் தொடங்க மாட்டார்கள். அது பதில் அல்ல, முன்னுரை. பிறகு குடிக்க ஏதாவது வரும். விருந்தாளியின் முகத்தைப் பார்த்து வீட்டில் ஒரு பொருள் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், சொன்னால் வீட்டின் பறக்கத்து, அந்த அருள், போய்விடும். உண்மையான சங்கதி எப்போது வரும் தெரியுமா? நீங்கள் எழுந்து, விடைபெற்று, செருப்பைப் போட்டு, கேற்றடிக்கு வந்த பிறகு. கேற்றைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் சனம் மனம் திறக்கும். மீளாய்வுக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் கேற்றடிக்கு நேரம் ஒதுக்கியிருக்கவில்லை.

தலைவர் நஸீமா ராத்தாவின் வீட்டில் உட்கார்ந்து, குடிதண்ணீர் நிலைமை எப்படி என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். ராத்தா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு அல்ஹம்துலில்லாஹ் என்றார். நான் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். தலைவர் கையைக் காட்டி என்னை நிறுத்தி, இது எனக்கே விளங்கும் என்று சிரித்துக்கொண்டு கட்டத்தை நிரப்பினார். அதற்குள் தட்டு வந்துவிட்டது. பின்னல் துணி விரித்த தட்டில் பூப்போட்ட கிளாஸ்களில் சீனி போட்டுத் தேசிக்காய் பிழிந்த தண்ணீர். நல்ல வெயில், எல்லோரும் மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். பணிப்பாளர் தன் போத்தலைத் துடைத்துக் குடித்தார். ராத்தா தலைவருக்கு இரண்டாவது கிளாஸ் நீட்டும்போது புகைப்படக்காரர் படம் எடுத்தார். நிரம்பிய கிளாஸ், சிரித்த முகம், பின்னால் சன்னல் வெளிச்சம்.

எல்லோரும் வாகனத்தில் ஏறிய பிறகு ராத்தா கேற்றைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, பைப்பு எப்ப வரும் எண்டு அவங்கள்ட்ட கேளுங்க. றிஸ்னாட கேன்ல இருந்தத்தான் கரைச்சுக் குடுத்த. இனி அசர் தொழுகைக்குப் பொறகு போய்ப் புடிச்சாத்தான் புள்ளைக்குத் தண்ணி."

உள்ளே எட்டிப் பார்த்தேன். திரைச்சீலைக்குப் பின்னால் அந்தப் பிள்ளை வறண்ட உதட்டோடு நின்றது. வாகனத்தில் ஏறியதும் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உண்மையிலேயே வருந்தினார். ஆனால் அவருடைய கட்டத்தில் கேட்டிருந்தது, பார்க்கப்போன நேரத்தில் வீட்டில் நல்ல குடிதண்ணீர் இருந்ததா என்பது மட்டும். இருந்தது, அவரே குடித்திருக்கிறார். முன் ஆசனத்திலிருந்து பணிப்பாளர், அதை வேறாக எழுதுவோம் என்றார். வேறாக என்பது பாப்பத்தின் சின்ன தம்பி.

அறிக்கை பளபளவென்று வந்தது. அட்டையிலேயே நஸீமா ராத்தா. பணிப்பாளர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டினார். மருதடிக்குப் பச்சை விழுந்தது. பச்சை விழுந்த ஊருக்கு எதற்குக் குழாய்? அடுத்த கட்டம் இன்னோர் ஊர்ப் பக்கம் திரும்பிப் போனது. குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குழியைப் படம் பிடித்துச் சுவரிலும் மாட்டினார்கள்.

ராத்தா மகளை ஆஸ்பத்திரிக்குக் காட்டிவிட்டு ஒருநாள் நேரே கந்தோருக்கு வந்தார். நான்தான் பணிப்பாளரின் அறைக்குக் கூட்டிப்போனேன். எங்கள் பக்கம் ஏன் குழாய் வரவில்லை என்று கேட்டார். பணிப்பாளர் கோபப்படவில்லை. எழுந்து, சுவரில் இருந்த படத்தை விரலால் காட்டினார்.

"இது நீங்கதானே?"

"ஓம் சேர்."

"கையில என்ன?"

"தண்ணி."

"அப்ப?"

ராத்தா படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெளியே படிக்கட்டில் செருப்பைப் போட்டுக்கொண்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பியிருக்க வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு அந்த நேரம் அந்தக் கந்தோரையே தூக்கிக் கடலில் போட வேண்டும் போலிருந்தது. கடலோ அப்போது அமைதியாக இருந்தது.

சில வருடம் கழித்து மீளாய்வை மீளாய்வு செய்ய ஒரு குழு வருவதாக அறிவித்தல் வந்தது. தலைவர் அதே ஆள். இதற்கிடையில் றிஸ்னா நன்றாக இளைத்துவிட்டாள். கிளினிக்குக்கு முன்பைவிட அடிக்கடி போக வேண்டியிருந்தது. ராத்தாவுக்கு முழங்கால் போய்விட்டது. சைக்கிளைத் தள்ள முடியாமல், போகிற வருகிறவர்களிடம் கேனைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். தண்ணீர் வந்தால் வந்ததுதான். இந்த முறையும் பச்சை விழுந்தால் அந்தப் பிள்ளையின் காலத்தில் குழாய் வராது என்று எனக்கு விளங்கியது.

குழு வருவதற்கு முன் மருதடி மதரஸா விறாந்தையில் பெண்களைக் கூட்டினேன். அரச உத்தியோகத்தர் ஒருவர் சனத்தைக் கூட்டி வைத்து, எங்கள் ஊரில் ஒன்றுமில்லை என்று சொல்லப் பழக்கியது அதுதான் முதல் தரமாக இருக்கும். யாருக்கும் தேசிக்காய் கரைக்காதீர்கள், இளநீர் வெட்டாதீர்கள், கேட்டதற்கு உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். அல்லாஹ்வைப் புகழாமல் எப்படி வாய் திறப்பது என்று ஒரு பெண் கேட்டார். நியாயமான கேள்வி. புகழுங்கள், ஆனால் நிறுத்தாதீர்கள், மூச்சு விடாமல் அடுத்ததையும் சொல்லிவிடுங்கள் என்றேன். எல்லோரும் ஒரே குரலில் பழகினார்கள்: அல்ஹம்துலில்லாஹ் தண்ணி இல்ல. பிறகு சிரித்துப் புரண்டார்கள். நஸீமா ராத்தா மட்டும் சிரிக்கவில்லை. இல்லையென்று சொல்ல அவருக்கு வாய் வராதாம். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "வந்தாப் போல பாப்பம், தம்பி," என்றார். பணிப்பாளரின் பாப்பத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்தச் சொல்லிலேயே நம்பிக்கை அற்றுப்போயிருந்தது.

அன்று காலை கந்தோரில் குழுவுக்கு வரவேற்பு. பணிப்பாளர் தலைவருக்குப் பக்கத்தில் இருந்து கட்லட்டும் ரோல்ஸும் சாப்பிட்டார். பிறகு மருதடிக்குப் போனோம். முதல் வீட்டுப் பெண், நான் பழக்கியவர்களில் கெட்டிக்காரி, அல்ஹம்துலில்லாஹ் என்று தொடங்கினார். எதிரே தலைவரின் முகம் வெயிலில் செம்பருத்தியாகச் சிவந்திருந்தது. பாவம் என்று நினைத்திருக்க வேண்டும். அடுத்த சொல்லை விழுங்கிவிட்டு உள்ளே ஓடி இளநீரோடு வந்தார். இரண்டாவது வீட்டில் சர்பத். மூன்றாவது வீட்டில் அந்த வீட்டுப் பெண் எங்களைக் கண்டதும், சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாது என்று பயந்து பின்வாசலால் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய மாமியார் எங்களுக்குத் தேத்தண்ணி தந்தார், எங்கேயோ கடன் வாங்கிய நல்ல தண்ணீரில். தலைவரின் தாளில் பச்சை பச்சையாக விழுந்துகொண்டிருந்தது. பணிப்பாளர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நடந்தார்.

அடுத்தது நஸீமா ராத்தா வீடு. தலைவருக்கு அவரை அடையாளம் தெரிந்தது. அட்டையில் வந்தவரல்லவா. நெஞ்சில் கை வைத்து ஸலாம் சொன்னார். குடிதண்ணீர் எப்படி என்று கேட்டார். ராத்தா அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும் சொன்னார். நான் பழக்கியதெல்லாம் வீண் என்று நினைத்தேன்.

தட்டு வந்தது. அதே பின்னல் துணி, அதே பூப்போட்ட கிளாஸ். தேசிக்காய் இல்லை, சீனி இல்லை, வெறும் தண்ணீர். கறள் அடியில் படியும்வரை தெளியவைத்து இறுத்து எடுத்திருந்ததால் பார்வைக்குக் குற்றம் சொல்ல முடியாது. தலைவர் நன்றி சொல்லி ஒரு மிடறு குடித்தார். அவருடைய கண் ஒரு முறை விரிந்து சுருங்கியது. ஆனால் நான் சொன்னேனே, மரியாதையான மனிதர். கீழே வைத்தால் வீட்டுக்காரி மனம் நோவார் என்று முழுக் கிளாஸையும் குடித்து முடித்தார். தொண்டைக்குழி மேலும் கீழும் போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். குடித்துவிட்டு, மிக நல்ல தண்ணீர் என்று சொல்லும்படி என்னிடம் சொன்னார். எங்கள் சனம்தான் மரியாதையால் கெட்டது என்று இருந்தேன். அந்த நோய்க்குக் கடல் கடந்தும் ஆள் இருக்கிறது.

என் வேலை மொழிபெயர்ப்பது. தண்ணீர் மிக நன்றாக இருக்கிறதாம் என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் ராத்தா. "நல்லா இரிந்தா இன்னொண்டு குடிக்கச் செல்லுங்க, தம்பி."

சொல்லிக்கொண்டே கிளாஸை வாங்கி, செம்பால் நிரப்பி, இரண்டு கையாலும் நீட்டினார். பிறகு பணிப்பாளருக்கும் ஒன்று ஊற்றினார். பணிப்பாளர் தன் போத்தலைக் கதிரைக்குப் பின்னால் மறைத்தார், தான் நோன்பு என்றார். ராத்தா அவரை இரக்கத்தோடு பார்த்தார். "இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை சேர். திங்களும் வியாழனுமெண்டாத்தானே புடிக்கிற," என்றார். பணிப்பாளரின் மீசையில் கட்லட் தூள் ஒன்று அப்போதும் இருந்தது. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

தலைவர் இரண்டாவது கிளாஸை வாய்வரை கொண்டுபோனார். முடியவில்லை. மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, இது என்ன தண்ணீர் என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். ராத்தா அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார், விருந்தாளி குடித்து முடிக்கும்வரை வீட்டுக்காரி உட்காருவதில்லை.

"இது நாங்க குடிக்கிற தண்ணி. போன தரம் நீங்க குடிச்சது என்ட மகள்ட தண்ணி. அத இனித் தர ஏலா."

சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். என் உத்தியோக காலத்தில் நான் செய்த மிகச் சரியான மொழிபெயர்ப்பு அதுதான். திரைச்சீலைக்கு அருகில் றிஸ்னா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைவர் அவளைப் பார்த்தார். பிறகு அந்த வீட்டுக்கு மட்டுமல்ல, முன்பு போட்ட வீடுகளுக்கும் நிறத்தை மாற்றினார். பேனா அழுத்தியதில் தாள் கிழிந்தது. அன்றுதான் அவர் முதல் முறையாகக் கேற்றடியில் நின்றார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கேற்றைப் பிடித்ததும் எல்லோருக்கும் வாய் திறந்துகொண்டது. நான் மூச்சு விடாமல் மொழிபெயர்த்தேன். திரும்பி வரும்போது பணிப்பாளர் வாகனத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், மஞ்சளாவது போட்டிருக்கலாமே என்று. தலைவர் சன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

குழாய் உடனே வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சிவப்புக்கு விளக்கம் கேட்டார்கள், விளக்கத்துக்கு விளக்கம் கேட்டார்கள், ஒரு தேர்தலும் வந்து போனது. ஆனால் வந்தது. நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன் மருதடியில் திறப்பு விழா நடந்தது. நஸீமா ராத்தாவின் வாசல் குழாயில்தான் ரிபன் கட்டினார்கள். மாவட்டத்துக்குப் பதவி உயர்ந்துபோயிருந்த பணிப்பாளர் வந்து ரிபனை வெட்டி, இது எல்லோருடைய கூட்டு முயற்சி என்று பேசினார். நோன்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

புகைப்படக்காரருக்கு ஒரு சங்கடம். முன்பு, பின்பு என்று இரண்டு படம் அருகருகே போட வேண்டும் என்று மேலிடம் கேட்டிருந்தது. முன்புக்கு அவரிடம் இருந்தது அந்த அட்டைப் படம்தான், அதிலும் ராத்தா கையில் நிரம்பிய கிளாஸ். பின்புக்கும் நிரம்பிய கிளாஸ் என்றால் இடையில் என்ன நடந்ததென்று யாருக்குத் தெரியும்? ஆனாலும் அவருக்குக் கட்டளை அதுதான். ராத்தாவை அதே பூப்போட்ட கிளாஸைப் பிடித்து அதே போலச் சிரிக்கச் சொன்னார்.

ராத்தா குழாயைத் திறந்து கிளாஸை நிரப்பினார். பணிப்பாளர் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். ராத்தா அவரையும் கெமராவையும் தாண்டி நொண்டி நொண்டி நடந்து போய், விறாந்தையில் கதிரையில் இருந்த றிஸ்னாவிடம் கொடுத்தார். கெமராவைத் தூக்கிய புகைப்படக்காரரிடம், புள்ள குடிச்சு முடியட்டும் என்றார். ஆகவே விழாவுக்கு வந்த அவ்வளவு பேரும் காத்திருந்தோம். ஒலிபெருக்கிக்காரன் கூடச் சத்தத்தைக் குறைத்துவிட்டான். அந்தப் பிள்ளை அவசரப்படாமல், நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தது. ராத்தா வெறும் கிளாஸை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு கெமராவைப் பார்த்து, "இப்ப எடுங்க," என்றார்.

எடுத்தார்கள். ஆனால் எங்கும் போடவில்லை. வெறும் கிளாஸ் பிழையான செய்தியைச் சொல்லும் என்று பணிப்பாளர் எழுதியே அனுப்பிவிட்டார். புகைப்படக்காரர் எறிய மனமில்லாமல் அந்தப் படத்தை எனக்குத் தந்தார்.

பர்ஹானா, நீ கேட்ட படம் இதுதான், கதையோடு சேர்த்து அனுப்புகிறேன். மலர்க் குழு பார்த்துவிட்டு, கிளாஸில் ஒன்றும் இல்லையே சேர் என்று கேட்பார்கள். இல்லைதான். றிஸ்னா குடித்துவிட்டாள். நான் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் கண்ணால் கண்ட பச்சை அது ஒன்றுதான்.